அத்தியாயம் 7: திறன் கூட்டிய காருக்கு ஷாஃப்ட் செய்துகொள்வது

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, நானூறு குதிரைக்குத் தாங்குற ஷாஃப்ட் வேணும்."

"என்ன டயர் போட்டிருக்கே, தம்பி?"

தம்பிக்கு எரிச்சல் வரும். கேட்டது ஷாஃப்ட், இவர் ஏன் டயருக்குப் போகிறார்? ஆனால் பட்டறை அண்ணன் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி. அடுத்தவை: கார் எடை எவ்வளவு, முதல் கியர் என்ன விகிதம், நின்ற இடத்திலிருந்து கிளட்ச்சை விட்டு எகிறுவாயா, வளைவில் ஓட்டுவாயா? குதிரைத்திறன் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும்.

எந்த ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் குட்டைத் தண்டு. இரு முனையிலும் சீவி ஜாயின்ட் இருக்கும். புரோட்டோன் வீரா, சத்ரியா, வாஜா, பெரோடுவா கஞ்சில், மைவி, ஹோண்டா சிவிக் எல்லாம் இந்த வகை. நிசான் செஃபிரோ ஏ31, டொயோட்டா கேஇ70 போன்ற பின்சக்கர ஓட்டக் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் நீளக் குழாய்க்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். அமெரிக்கக் கடைகளின் பட்டியலில் டிரைவ் ஷாஃப்ட் என்பது பெரும்பாலும் இந்த நீளக் குழாயைத்தான் குறிக்கும். குட்டைத் தண்டை அங்கே ஆக்ஸில் என்பார்கள். இணையத்தில் ஆர்டர் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டும் முறியும் விதமும் வேறு, முறிந்தால் வரும் ஆபத்தும் வேறு.

பிடிமானக் கணக்கு

சத்ரியா ஜிடிஐ 1998-இல் வந்தபோது அதன் 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின் ஏறத்தாழ 140 குதிரை தந்தது. இன்று அதே உடலுக்குள் மிட்சுபிஷி எவோ 3-இன் 4ஜி63 டர்போவை இறக்குகிறார்கள். வீராவும் சத்ரியாவும் அந்தக் கால லேன்சரின் அடித்தளத்தில் பிறந்தவை என்பதால் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் முன்பாதி) வாங்கி மாற்றுவது மற்ற கார்களைவிட எளிது. அந்த இன்ஜின் ஜப்பானிலிருந்து வரும்போதே 270 குதிரை, 309 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி 400 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கியர் 3.0, ஃபைனல் 4.0 என்றால் சக்கரங்களுக்கு வந்து சேர வேண்டியது 400 × 3 × 4, அதாவது 4,800 நியூட்டன் மீட்டர். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் பங்கு போட்டால் தலா 2,400. இந்த எண்ணைக் காட்டித்தான் விற்பனைக்காரர் உங்களைப் பயமுறுத்துவார்.

இப்போது டயர் பக்கத்திலிருந்து அதே கணக்கைப் போடுங்கள். கிளம்பும்போது கார் பின்னால் சாய்வதால் முன்சக்கரங்களின் மேல் 550 கிலோ எடை இருக்கிறது என்று கொள்வோம். சாலை டயரின் பிடிமானக் கெழு நல்ல தாரில் ஏறத்தாழ 1. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 1,620 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், தலா 810. அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிச் சுழலும், அவ்வளவே. மென்மையான ஸ்லிக் டயர் போட்டு கெழுவை 1.5 ஆக்கினால் தலா 1,215. இன்ஜின் எவ்வளவு கத்தினாலும், டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்கு மேல் சீரான விசை ஷாஃப்ட்டில் ஏறாது. சாதாரண சாலை டயரில் 400 குதிரை ஓட்டுபவரின் ஷாஃப்ட்டைவிட, ஸ்லிக் டயரில் 250 குதிரை ஓட்டுபவரின் ஷாஃப்ட்தான் அதிகம் படுகிறது.

பிறகு ஏன் சாலை டயரிலும் முறிகிறது? அதிர்ச்சியால். 5,000 சுற்றில் இன்ஜினைப் பிடித்துவைத்து கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் சேமிப்பு முழுவதும் ஒரே கணத்தில் தண்டில் இறங்குகிறது. அதைவிட மோசமானது சக்கரத் துள்ளல். டயர் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு பிடியும் ஒரு சுத்தியல் அடி. செப்பாங்கில் 402 மீட்டர் டிராக் ஓட்டத்துக்குப் போய், ஷாஃப்ட் போய் டோ லோரியில் திரும்பும் முன்சக்கரக் கார்களைக் கேட்டுப் பாருங்கள்: பெரும்பாலானவை முதல் இருபது மீட்டருக்குள் துள்ளியிருக்கும்.

ஆகவே முன்சக்கரக் காருக்குப் புது ஷாஃப்ட் வாங்குவதற்கு முன் இன்ஜின் மவுண்ட்டுகளையும் கீழ்க் கை புஷ்களையும் பாருங்கள். ரப்பர் தளர்ந்த மவுண்ட்டுதான் துள்ளலின் தாய். சற்றுக் கெட்டியான மவுண்ட், புது புஷ், வேலை செய்யும் அப்சோர்பர் இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ஜோடி குரோமோலி எஃகு ஷாஃப்ட்டின் விலையில் ஒரு பங்குதான். துள்ளல் நின்றால் பழைய ஷாஃப்ட்டே போதும் என்று தெரியவும் வாய்ப்பு உண்டு.

முன்சக்கரக் காருக்கு எது

தண்டின் வலிமை விட்டத்தின் முப்படியில் ஏறுகிறது. 26 மில்லிமீட்டர் தண்டை 28 ஆக்கினால் கூடுவது இரண்டே மில்லிமீட்டர். வலிமை கூடுவதோ கிட்டத்தட்ட 25 விழுக்காடு. இதனால்தான் பெரிய இன்ஜின் மாடலின் அசல் ஷாஃப்ட்டைத் தேடிப் போடுவது இன்றும் மலிவான நல்ல வழி. கியர்பாக்ஸ் எந்த ஹாஃப் கட்டிலிருந்து வந்ததோ அதே ஹாஃப் கட்டின் ஷாஃப்ட்டையும் ஹப்பையும் நக்கிளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும் வாங்கிவிட்டு, உள்முனை ஒரு காரிலிருந்தும் வெளிமுனை இன்னொரு காரிலிருந்தும் ஒட்டவைத்த ஷாஃப்ட்டில்தான் தொல்லைகள் குடியிருக்கும். ஸ்ப்ளைன் பற்கள் எண்ணிக்கையில் ஒத்துப்போனாலும் கோணத்தில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். கையால் தட்டி நுழைக்க வேண்டியிருந்தால் அது பொருந்தவில்லை என்றே அர்த்தம்.

கஞ்சிலில் ஜப்பான் 660 சிசி டர்போ போடுபவர்களுக்கு இதையே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த இன்ஜின்கள் ஜப்பானில் 64 குதிரைக்கு மேல் விற்கப்படாதவை. கார் எடையும் குறைவு. கியர்பாக்ஸோடு வந்த ஷாஃப்ட்டில் நல்ல ஜாயின்ட்டும் புது பூட்டும் போட்டால் தனியாகச் செய்யத் தேவையில்லை. மிச்சக் காசை பிரேக்கில் போடுங்கள்.

தனியாகச் செய்யச் சொல்வது மூன்று சூழ்நிலையில் பொருந்தும்: ஸ்லிக் டயரோடு டிராக் ஓட்டம், எல்எஸ்டி (லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) பொருத்திய கார், கியர்பாக்ஸும் ஹப்பும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவையாகி அசல் ஷாஃப்ட்டே கிடைக்காத கலவை. எல்எஸ்டி பற்றி ஒரு விளக்கம். சாதாரண டிஃப் இரண்டு பக்கமும் விசையைச் சமமாகத்தான் பங்கிடும். எல்எஸ்டியில் ஒரு சக்கரம் காற்றில் தூக்கிவிட்டால் மறுபக்கத் தண்டு மொத்தச் சுமையையும் ஏற்கிறது. மேலே போட்ட "தலா" கணக்கு அங்கே செல்லாது. ஒரு தண்டுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தில் 4340 குரோமோலி போதும். ஜப்பான் தரத்தில் எஸ்என்சிஎம்439 என்றும், பிரிட்டிஷ் வழக்கில் இஎன்24 என்றும் கேட்டால் ஏறக்குறைய அதே எஃகுதான். 300எம் அதைவிட வலுவானது, விலையும் ஏறும். சாலையில் ஓடும் காருக்கு அது ஆடம்பரம். எஃகின் பெயரைவிட வெப்பப் பதப்படுத்தல் முக்கியம். லேத்தில் கடைந்து ஸ்ப்ளைன் வெட்டி, பதப்படுத்தாமல் கொடுக்கும் 4340 தண்டு, தொழிற்சாலையில் மேற்பரப்பைப் பதப்படுத்திய சாதாரணத் தண்டிடம் தோற்றுப்போகும். "எங்கே பதப்படுத்துகிறீர்கள், எத்தனை ராக்வெல்?" என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாத கடையில் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

முன்சக்கரக் காரில் ஷாஃப்ட் ஓர் ஃபியூஸும்கூட. அதைப் பலமாக்கினால் அடுத்துப் பலவீனமானது முறியும். அது கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பற்சக்கரமாகவோ, டிஃபின் சிறு பினியனாகவோ இருக்கும். முறிந்த ஷாஃப்ட்டை ஓரத்தில் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். முறிந்த கியர்பாக்ஸுக்கு இன்னொரு ஹாஃப் கட் தேட வேண்டும். எனவே முன்சக்கரக் காரில் ஷாஃப்ட்டை கியர்பாக்ஸைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே விட்டுவைப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பின்சக்கரக் காருக்கு இதைச் சொல்லமாட்டேன்; காரணம் பின்னால் வருகிறது.

தோட்டத்துச் செம்மண்

1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோது தொடங்கிய தோட்டக் கதையின் மிச்சம் இன்றும் நம் கார்களின் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புக்கிட் அசஹான் பக்கமோ, தெபோங் பக்கமோ, தோட்டத்துக்குள் வீடு வைத்திருப்பவர்கள் தினமும் பெரிய சாலைக்கு வர ஒரு துண்டுச் செம்மண் தடத்தைக் கடந்தாக வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, செம்மண் போகவில்லை. குலை லோரிகள் போன தடத்தில் தாழ்த்திய காரை ஓட்டினால் முதலில் போவது ஷாஃப்ட்டின் ரப்பர் பூட்.

இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சீவி ஜாயின்ட் முறிவுகளில் பெரும்பங்கு பூட் கிழிவதில்தான் தொடங்குகிறது. கிழிந்த ஓட்டை வழியாக மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ் சுழற்சியில் வெளியே தெறிக்கும், அதன் இடத்தில் செம்மண் தூள் உள்ளே போகும். பந்துகள் ஓடும் பள்ளத்தில் அது அரம் போல வேலை செய்யும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டும்போது கட்கட் என்று சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் மட்டும் உடம்பு நடுங்கினால் உள் ஜாயின்ட்டைப் பாருங்கள். பட்டறைகளில் இடது வலது ஜாயின்ட்டை மாற்றிப் போட்டுத் தேயாத பக்கத்தைப் பயன்படுத்தும் பழைய வித்தை ஒன்று உண்டு. வீட்டுக்கும் சந்தைக்கும் போகும் வீராவுக்கு அது சரி. டர்போ காருக்குச் செய்யாதீர்கள்.

காரைத் தாழ்த்தியவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது உள் ஜாயின்ட் முன்னும் பின்னும் நழுவி நீளத்தைச் சரிசெய்கிறது. காரைத் தாழ்த்தினாலோ, கியர்பாக்ஸ் மாறி ஷாஃப்ட் சில மில்லிமீட்டர் நீளமானாலோ அந்த நழுவும் இடம் தீர்ந்துபோகும். பள்ளத்தில் விழும்போது தண்டு கியர்பாக்ஸை முட்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைவரை ஜாக்கால் தூக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஷாஃப்ட்டைக் கையால் சற்று ஆட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் நீளம் தவறு.

நீளக் குழாய்

செஃபிரோ ஏ31-ஐ நம் நாட்டு டிரிஃப்ட் பையன்கள் விரும்புவதற்குக் காரணம் தெரிந்ததே: பின்சக்கர ஓட்டம், நீண்ட உடல், கட்டுப்படியாகும் விலை. பிறவி ஆர்பி20 இன்ஜினை எடுத்துவிட்டு டொயோட்டா 1ஜேஇசட் டர்போவையும் ஆர்154 கியர்பாக்ஸையும் வைத்ததும் ஒரு சிக்கல் பிறக்கிறது. முன்முனை டொயோட்டா ஸ்ப்ளைன், பின்முனை நிசான் ஃப்ளேஞ்ச். இந்த இரண்டையும் சேர்க்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை. தனியாகச் செய்துதான் ஆக வேண்டும்.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, குழாய் முறுக்குவிசையைத் தாங்குமா என்பது. தாங்கும். மூன்று அங்குல விட்டம், இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன் கொண்ட நல்ல எஃகுக் குழாய் நான்காயிரம் நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கக்கூடியது. 500 நியூட்டன் மீட்டர் இன்ஜினும் 3.25 முதல் கியரும் சேர்ந்து தருவது 1,625. அதிர்ச்சிக்கென்று இரண்டு மடங்கு வைத்தாலும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது சுழல் வேகத்தைப் பற்றி.

எந்த நீளத் தண்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுவில் வில் போல வளைந்து சுழலத் தொடங்கும். அதைத் தண்டின் எல்லை வேகம் என்று இந்த நூலில் குறிப்பிடுகிறோம். அதைத் தொட்டால் குழாய் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். அது நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகப் போகிறது: நீளம் பாதியானால் எல்லை வேகம் நான்கு மடங்கு.

உங்கள் செஃபிரோவில் ஒரே துண்டாக 1.4 மீட்டர் குழாய் போட நினைக்கிறீர்கள் என்று கொள்வோம். மூன்று அங்குல எஃகுக் குழாயின் எல்லை வேகம் கணக்குப்படி நிமிடத்துக்கு 6,440 சுற்று. டயர் 205/55 ஆர்16, டிஃப் விகிதம் 4.1 என்றால், 200 கிலோமீட்டர் வேகத்தில் குழாய் சுழல்வது 6,880 சுற்று. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் 200-ஐத் தொடுவதற்கு முன்பே எல்லை வேகத்தைக் கடந்துவிட்டீர்கள். எல்லையில் 75 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான விதி. அதன்படி இந்தக் குழாயில் பாதுகாப்பான வேகம் 140 கிலோமீட்டர்தான். மூன்றரை அங்குலக் குழாய்க்கு 164.

எல்லை வேகத்தின் பாதியிலும் ஒரு நடுக்கம் வரும். இந்த எடுத்துக்காட்டில் அது 3,220 சுற்று, அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். ஒரே துண்டுக் குழாய் போட்டபின் ஆயர் குரோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் தொண்ணூறுக்கு மேல் தரையில் ஒரு முனகல் கேட்கிறது, நூற்றுப்பத்தில் போய்விடுகிறது என்று சிலர் சொல்வார்கள். பேலன்ஸ் சரியில்லை என்று குழாயைத் திரும்பத் திரும்பக் கழற்றுவார்கள். பேலன்ஸில் குற்றமில்லாமலும் அது வரும்.

நிசான் அந்தக் குழாயை இரண்டு துண்டாக்கி நடுவில் ரப்பர் பிடித்த சென்டர் பேரிங் வைத்ததற்கு இதுதான் காரணம். "ஒரே துண்டு போட்டால் எடை குறையும், பிக்கப் கூடும்" என்று சொல்லிச் சென்டர் பேரிங்கைத் தூக்கி எறிபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்றால் ஒரே துண்டு போடலாம். அதைத் தாண்டினால் இரண்டு துண்டாகவே செய்யச் சொல்லுங்கள். பழைய பேரிங்கின் ரப்பர் விரிசல் விட்டிருந்தால் புதிது போடுங்கள்.

அலுமினியம் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும் என்பது இன்னொரு நம்பிக்கை. அலுமினியம் எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ஒரே விட்டத்தில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் எல்லை வேகம் கிட்டத்தட்ட ஒன்றே. அலுமினியக் குழாயைப் பெரிய விட்டத்தில் செய்வதால்தான் பலன் வருகிறது. அந்தப் பெரிய குழாய் உங்கள் காரின் தரை நடுவில் உள்ள மேட்டுக்குள், எக்சாஸ்ட் பக்கத்தில் நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

கார்பன் ஃபைபர் உண்மையிலேயே வேறு சரக்கு. நார் சுற்றும் கோணத்தைப் பொறுத்து எல்லை வேகம் எஃகைவிட ஒன்றரை மடங்குவரை ஏறும். முறிந்தாலும் கம்பியாகக் குத்தாமல் நாராகப் பிரியும். நிசான் 350இசட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற கார்களில் கார்பன் குழாய் இருந்தது. ஹாஃப் கட் கடைகளில் சில நேரம் கண்ணில் படும். ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அதன் நீளம் உங்கள் காருக்கு அப்படியே பொருந்தினால் தவிர பயனில்லை: கார்பன் குழாயை வெட்டிச் சுருக்கி வெல்டிங் வைக்க முடியாது. முனைகள் பசையால் ஒட்டப்பட்டவை.

மூட்டும் கோணமும்

குழாய் தாங்கும் என்றால் முறிவது எது? சிலுவை வடிவ யூ ஜாயின்ட். ஜப்பான் கார்களின் அசல் ஷாஃப்ட்டுகள் சிலவற்றில் இந்தச் சிலுவையை மாற்றவே முடியாதபடி அடித்து மூடியிருப்பார்கள். தனியாகச் செய்யும்போது மாற்றக்கூடிய அளவைக் கேளுங்கள். அமெரிக்கக் கடைகளில் 1310, 1350 என்று எண் சொல்வார்கள். 1350 பெரியது, டிராக் காருக்கு அதுதான். கிரீஸ் நிப்பிள் இல்லாத திடச் சிலுவை வலுவானது, ஏனென்றால் நடுவில் துளை இல்லை. செம்மண்ணில் ஓடும் காருக்கு நிப்பிள் உள்ளதை எடுத்துக்கொண்டு அவ்வப்போது கிரீஸ் அடிப்பது நல்லது.

யூ ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது வெளிவரும் வேகம் சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் சரியாகும். ஆகவே ஒரே துண்டுக் குழாயில் இரு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளிமுனையும் டிஃபின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கைப்பேசியில் கோணம் காட்டும் செயலியைக் கொண்டே இதை அளக்கலாம். மூட்டின் கோணம் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். பூஜ்யமும் வேண்டாம்: அசையாத ஊசி பேரிங் ஒரே இடத்தில் தழும்பு விழுந்து கெடும். இன்ஜின் மாற்றியவர்கள் சம்ப் தரையில் இடிக்காமல் இருக்கக் கியர்பாக்ஸ் வாலைத் தூக்கிவைப்பார்கள்; கோணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கே செய்வது

மலாக்காவில் செம்பனைக் குலை லோரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ஷாஃப்ட் வெட்டி ஒட்டும் பட்டறைகள் உண்டு. தோட்டத்து ஆலையிலும் டிராக்டர் கொட்டகையிலும் தொழில் பழகிய ஃபிட்டர்களின் கை அவற்றில் தெரியும். வெல்டிங் சுத்தமாக இருக்கும், கூலியும் நியாயமாக இருக்கும். ஆனால் லோரி ஷாஃப்ட் மெதுவாகச் சுழல்வது. டிராக்டரின் பிடிஓ தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று. அந்த வேகத்துக்குப் போதுமான பேலன்ஸ் 6,000 சுற்றுக்குப் போதாது. குழாயை இங்கே வெட்டி ஒட்டலாம். பேலன்ஸை உயர்வேக எந்திரம் வைத்திருக்கும் கடையில் செய்யுங்கள், அதற்காகக் கோலாலம்பூர் பக்கமோ ஜோகூர் பாருவோ போக வேண்டியிருந்தாலும் போங்கள். "எத்தனை சுற்றில் வைத்துப் பார்ப்பீர்கள்? என்ன ஜி தரம்?" என்று கேளுங்கள். சாதாரணக் கார் ஷாஃப்ட்டுக்கு ஜி40, உயர்வேகத்துக்கு ஜி16. எண் சிறியதாக இருந்தால் பேலன்ஸ் நுணுக்கமானது.

அளவு எடுப்பதில் அவசரம் வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் கடைசி மவுண்ட்டில் உட்கார்ந்தபிறகே அளக்க வேண்டும். கார் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கில் தொங்கும் காரில், அதுவும் கேஇ70 போலத் திட ஆக்ஸில் உள்ள காரில் எடுத்த அளவு நிச்சயம் தவறும். கியர்பாக்ஸ் ஆயில் சீலிலிருந்து டிஃப் ஃப்ளேஞ்சின் முகம்வரை அளந்து, இரண்டு முறை சரிபார்த்துத் தாளில் எழுதுங்கள். அதோடு ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளின் வட்ட விட்டம், டயர் அளவு, டிஃப் விகிதம், நீங்கள் போக நினைக்கும் உச்ச வேகம் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஸ்லிப் யோக் கியர்பாக்ஸுக்குள் முழுவதும் போய் முட்டிய இடத்திலிருந்து 19 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே நிற்குமாறு நீளத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய யோக்கையும் ஃப்ளேஞ்சையும் கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் படத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பூட்டும்போது

பின்சக்கரக் காரின் குழாய் ஃபியூஸாக இருக்கக் கூடாது என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இது. முன்பக்க யூ ஜாயின்ட் முறிந்தால் குழாயின் முன்முனை தரையில் விழுந்து தாரைக் குத்தும். ஓடும் காரை அது தூக்கிவிடவும் கூடும், தகரத்தைக் கிழித்து உள்ளே வரவும் கூடும். அதனால் குழாயும் மூட்டும் காரின் வேறெந்தப் பாகத்தையும்விட வலுவாக இருக்க வேண்டும், அப்படியும் ஒரு லூப் வேண்டும். அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏ, ஸ்லிக் டயரில் கால் மைலை 13.99 வினாடிக்குள் ஓடும் கார்களுக்கு இந்த லூப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது: முன் யூ ஜாயின்ட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள், குழாயை முழுவதும் சுற்றி, கால் அங்குலத் தடிமனும் இரண்டு அங்குல அகலமும் உள்ள எஃகுப் பட்டை. நம் ஊரில் எந்த வெல்டிங் கடையிலும் அரை நாளில் செய்து தருவார்கள். டிரிஃப்ட் காருக்கும் நான் இதையே சொல்வேன்.

இன்ஜின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் சோதனையும் வேண்டும். புது இன்ஜின் எண் காரின் பதிவில் ஏறாத வரை இந்த ஷாஃப்ட் வேலைக்குக் காசைக் கொட்டாதீர்கள். விபத்தானால் இன்சூரன்ஸ் கோரிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். நெடுஞ்சாலையின் உச்ச வேகம் 110 கிலோமீட்டர். அதற்கு மேல் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் செப்பாங் இருக்கிறது. மலாக்காவின் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சோதிக்கும் கூட்டத்துக்காக இந்த அத்தியாயம் எழுதப்படவில்லை.

பூட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபாருங்கள். பழைய போல்ட்டுகளை மறுபடி போடாதீர்கள், புதிதாக 10.9 தரத்தில் வாங்குங்கள். முன்சக்கரக் கார் வைத்திருப்பவர்கள் கழற்றிய பழைய ஷாஃப்ட்டை இரும்புக் கடைக்குப் போடாமல் கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருங்கள். ஓடுபாதை நாளன்று அதையும் 32 மில்லிமீட்டர் சாக்கெட்டையும் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனால், புதியது முறிந்தாலும் அன்றிரவே ஜாசினுக்கு உங்கள் காரிலேயே திரும்பலாம்.